ஒரே ஏடு, ஐந்து அறிக்கை: தேசிய இசைவாக்கத் திட்டத்தைச் சர்வதேசக் கடப்பாடுகளோடு பொருத்தும் முறை

இலங்கையின் தேசிய இசைவாக்கத் திட்டம், அதாவது காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கான திட்டம், 2016 முதல் 2025 வரைக்குமானது. அதில் ஒன்பது துறைகள் உண்டு. 2021 ஜூலையில் ஐ.நா.வுக்கு அனுப்பிய திருத்திய என்.டி.சி.யின், அதாவது தேசிய ரீதியில் தீர்மானிக்கப்பட்ட பங்களிப்பு என்ற காலநிலை வாக்குறுதியின், இசைவாக்கப் பகுதியிலும் ஒன்பது துறைகள். எண்ணிக்கை ஒன்றே என்பதால் பட்டியலும் ஒன்றே என்று நினைத்து வேலையைத் தொடங்குபவர்கள் மூன்றாம் நாளே முட்டிக்கொள்வார்கள். முதல் ஆவணத்தில் பயிர், கால்நடை, மீன்பிடி மூன்றும் ‘உணவுப் பாதுகாப்பு’ என்ற ஒரே தலைப்பில் கிடக்கின்றன. இரண்டாவதில் அவை மூன்று தனித் துறைகள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு முதலாவதில் தனித் தலைப்பு இருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

அமைச்சு, திணைக்களம், மாகாண சபை, மாவட்டச் செயலகம் ஆகியவற்றில் அடுத்த சுற்றுத் திட்டத்தை எழுத உட்காரும் உத்தியோகத்தர்களுக்காக இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டு வாசகர்கள் இசைவாக்கம் என்பதைத் தகவமைப்பு என்று வாசித்துக்கொள்ளலாம். அடிப்படை விதி ஒன்றுதான்: சர்வதேச அறிக்கைகளைத் தனித்தனியாக எழுதாதீர்கள். உள்நாட்டுத் திட்டத்தின் ஒவ்வொரு செயலையும் எந்த அறிக்கைக்கும் அப்படியே தூக்கிக்கொடுக்கக்கூடிய வடிவில் ஒருமுறை எழுதிவையுங்கள்.

எது கட்டாயம், எது விருப்பம்

பாரிஸ் உடன்படிக்கையை இலங்கை 2016 செப்டம்பரில் ஏற்றுறுதி செய்தது. அதன் 7ஆம் உறுப்புரை இசைவாக்கம் பற்றியது. 9ஆம் பந்தி ஒவ்வொரு நாடும் தனக்குப் பொருத்தமான வகையில் இசைவாக்கத் திட்டமிடலில் ஈடுபட வேண்டும் என்கிறது. 10ஆம் பந்தி ‘இசைவாக்க அறிவிப்பு’ ஒன்றைச் சமர்ப்பித்து அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்கிறது, ஆனால் அது ஊக்குவிக்கும் மொழி, கட்டளை மொழி அல்ல. 11ஆம் பந்தி நமக்குச் சாதகமானது. அந்த அறிவிப்பைத் தனி ஆவணமாக எழுதத் தேவையில்லை, தேசிய இசைவாக்கத் திட்டத்தின் பகுதியாகவோ என்.டி.சி.யின் பகுதியாகவோ தேசிய அறிக்கையின் பகுதியாகவோ கொடுக்கலாம். தனி ஆலோசகரை வைத்துத் தனிப் புத்தகம் அடிப்பது பெரும்பாலும் வீண்செலவு.

13ஆம் உறுப்புரையின் கீழ் வருவது ஈராண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கை, பேச்சுவழக்கில் பி.டி.ஆர். முதலாவதற்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31, அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒன்று. இதில் பசுமை இல்ல வாயு வெளியேற்றக் கணக்கறிக்கை கட்டாயம். இசைவாக்க அத்தியாயம் ‘கொடுக்க வேண்டும்’ என்ற கடுமையில் இல்லை, ‘கொடுப்பது நல்லது’ என்ற அளவில்தான். ஆனால் அதைக் காலியாக விட்டால் நிதி கேட்கும் இடங்களில் கேள்வி வரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. இலங்கை தீவு நாடு என்பதால் சிறு தீவு நாடுகளுக்கான சலுகை தனக்கும் உண்டு என்று முன்மொழிவுகளில் எழுதுகிறார்கள். ஐ.நா. பட்டியலில் இலங்கை சிறு தீவு வளர்முக நாடும் அல்ல, மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடும் அல்ல. வளர்முக நாடுகளின் காலநிலை வேலைகளுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியம் இசைவாக்கத்துக்கு ஒதுக்கும் தொகையில் குறைந்தது பாதியை அந்த இரு வகை நாடுகளுக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் வைக்கிறது. இலங்கை மற்றப் பாதியில் போட்டியிடுகிறது. ஆகவே ஆவணத்தின் தரமே நமக்கிருக்கும் ஆயுதம்.

இவற்றோடு இன்னும் இரண்டு. 2023இல் துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஏற்கப்பட்ட சட்டகம் உலகளாவிய இசைவாக்க இலக்குக்கு ஏழு பொருள்களைத் தந்தது: நீர், உணவும் விவசாயமும், சுகாதாரம், சூழற்றொகுதிகள், உட்கட்டமைப்பும் குடியிருப்பும், வறுமையும் வாழ்வாதாரமும், பண்பாட்டு மரபுரிமை. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெமில் நடந்த மாநாட்டில், முன்னேற்றத்தை அளக்க அதற்கென 59 குறிகாட்டிகள் ஏற்கப்பட்டன. மற்றது அனர்த்த அபாயத்தைக் குறைக்க 2015–2030க்கென வகுத்த செண்டாய் சட்டகம், அதில் ஏழு இலக்குகள். அது அனர்த்த முகாமைத்துவப் பக்கத்தவர்களின் பொறுப்பு, ஆனால் தரவு ஒன்றேதான்.

முதலில் ஒப்பீட்டு அட்டவணை

எதையும் எழுதுவதற்கு முன் ஒரு விரிதாளைத் திறவுங்கள். நிரைகளில் உங்கள் செயல்கள். நிரல்களில் ஐந்து: இசைவாக்கத் திட்டத்தின் துறை, என்.டி.சி.யின் துறையும் இலக்கமும், துபாய்ச் சட்டகத்தின் பொருள், செண்டாய் இலக்கு, உள்நாட்டு வரவு செலவுத் தலைப்பு. ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது காலியாக இருக்கும் செயலைச் செயல் என்று எண்ணாதீர்கள், அது விருப்பம்.

ஒரு செயல் இரண்டு துறைக்குள் விழுந்தால் ஒன்றை முதன்மை என்று குறித்து மற்றதைத் துணை என்று விடுங்கள். இரண்டிலும் முழுதாக எண்ணினால் பின்னால் பயனாளிகள் தொகை இரட்டிப்பாகும். மீளாய்வில் முதலில் பிடிபடுவது அதுதான்.

நிரலில் வெற்றிடம் தெரிவதும் நல்லதுக்கே. பண்பாட்டு மரபுரிமை என்ற பொருளுக்கு நம் இரண்டு ஆவணங்களிலும் தனித் துறை இல்லை. ஆனால் உலர் வலயத்தின் குளத்தொடர் முறையை, அதாவது ஒரு குளத்தின் நீர் அடுத்த குளத்துக்கு வடியும் அமைப்பை, உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றிருக்கிறது. நீர்த்துறையில் ஏற்கெனவே இருக்கும் குளப் புனரமைப்பு வேலையையே துணைக் குறியீட்டால் அங்கே காட்டலாம். புதிதாக ஒரு துறையைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

செயல் தாள்

‘விவசாயிகளின் தாங்குதிறனை மேம்படுத்தல்’ என்பது செயல் அல்ல, தலைப்பு. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பக்கத் தாள் வேண்டும். அதில் இவை இருந்தால் போதும்:

- நிலையான குறியீட்டு இலக்கம். திருத்தம் வந்தாலும் இலக்கம் மாறக் கூடாது. கைவிட்ட செயலின் இலக்கத்தை வேறொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது.
- இடம்: மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, ஆற்று வடிநிலம்.
- எந்தக் காலநிலை ஆபத்துக்கு, எந்தத் தரவின்படி.
- பொறுப்பான ஒரே நிறுவனம். துணை நிறுவனங்கள் எத்தனையும் இருக்கலாம், பொறுப்பு ஒன்றுக்குத்தான்.
- செலவு, இரண்டாகப் பிரித்து: எப்படியும் செய்ய வேண்டிய சாதாரண வேலைக்கு எவ்வளவு, காலநிலை மாற்றத்தால் கூடும் பகுதிக்கு எவ்வளவு.
- சொந்தப் பணத்தில் செய்வதா, வெளியுதவி கிடைத்தால் மட்டும் செய்வதா.
- குறிகாட்டி, அதன் ஆரம்ப அளவு, அளவெடுத்த ஆண்டு, அளப்பவர்.

எழுத இலகு, நிரப்பக் கடினம். அருவியாற்று வடிநிலத்தில் ஒரு குளத்தொடரை எடுத்துப் பார்ப்போம். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்பதும் இதுவே. அநுராதபுரம் வழியாக வந்து மன்னாரில் கடலில் விழுகிறது.

பொறுப்பு நிறுவனம் யார்? 80 ஹெக்டெயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாசனப் பரப்புள்ள குளம் சிறு குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ மாகாணத்துக்கோ உரியது. குளத்தின் நீரேந்து பகுதி பெரும்பாலும் வனத்திணைக்களத்தின் காணி. ஒரே தொடரில் மேலேயுள்ள நாலு குளம் ஒருவரிடம், கீழேயுள்ள பெரிய குளம் இன்னொருவரிடம், காடு மூன்றாமவரிடம். தாளில் மூன்று பெயரையும் ‘பொறுப்பு’ என்று போட்டால் யாரும் பொறுப்பில்லை. குளத்தொடர் அளவில் மாவட்டச் செயலகத்தின் கீழ் ஒரு ஒருங்கிணைப்புக் குழு, அதில் கையொப்பமிடும் அதிகாரம் ஒரு திணைக்களத்துக்கு என்று எழுதுங்கள்.

என்ன வேலை? இங்குதான் நல்ல நோக்கம் கெட்ட விளைவைத் தரும். திட்ட மதிப்பீட்டில் வழக்கமாக வருவது ‘வானை ஓரடி உயர்த்தல், குளத்தை ஆழமாக்கல்’. வான் என்பது மிகைநீர் வழிந்தோடும் கலிங்கு. நீர்ப்பரப்பு 40 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரடி உயர்த்தினால் 40 ஏக்கர் அடிக்குச் சற்று மேலாக நீர் கூடும், தாளில் அழகாக இருக்கும். ஆவியாதல் நாளொன்றுக்கு 5 மி.மீ என்று எடுத்தால் ஓரடி நீர் 61 நாளில் வானத்துக்குப் போய்விடும். பரப்பு விரிந்தால் ஆவியாகும் அளவும் விரியும். மேற்குளத்தின் கடைசி வயல்கள் தண்ணீரில் நிற்கும், அவற்றின் சொந்தக்காரர்கள் இரவோடிரவாக வானை வெட்டிவிடுவார்கள். கரையோர மரவரிசை வேரழுகிப் பட்டுப்போகும். அந்த மரங்கள்தான் காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைத்துக்கொண்டிருந்தவை.

ஆழமாக்குவதிலும் அதே கதை. அடியிலுள்ள களிப்படை நீரைத் தாங்கி நிற்கிறது. கனரக இயந்திரம் அதையும் சேர்த்து வாரி எடுத்தால் தண்ணீர் கீழே இறங்கும். வண்டலை மட்டும், துருசுப் (நீர் திறக்கும் மடை) பக்கத்தில் மட்டும், முதலில் குழி தோண்டி மண்ணின் படைகளைப் பார்த்த பிறகு எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் வண்டல் வரும் வழியை அடைப்பது: மேலேயுள்ள சிறு காட்டுக் குளம், நீர் நுழையும் இடத்துப் புற்படுக்கை, இரு பக்கத்து மண்வரம்பு. கட்டுக்குக் கீழே வயலுக்கு முன்னுள்ள கட்டாக்காடு என்ற மரச்செடி ஒதுக்கு உவர்நீரைப் பிடித்துவைக்கும். இவற்றை ஒப்பந்தக்காரர் விரும்பமாட்டார், கன மீற்றர் கணக்கு வராது. விலைமனுவில் தனி விடயமாகப் போடாவிட்டால் ஒருபோதும் நடக்காது.

மேற்குளத்தின் கொள்ளளவைக் கூட்டினால் கீழ்க்குளத்துக்கு வரத்து குறையும். ஆகவே தனிக் குளத்துக்குச் செயல் தாள் எழுதாதீர்கள், தொடர் முழுதுக்கும் ஒரு தாள், ஒரு நீர்ச்சமநிலைக் கணக்கு. அருவியாறு, மீ ஓயா, யான் ஓயா ஆகிய மூன்று வடிநிலங்களிலும் சிறு குளங்களுக்காகப் பசுமைக் காலநிலை நிதியம் 2016இல் ஒப்புதல் அளித்த திட்டம் இந்தத் தொடர் அணுகுமுறையிலேயே எழுதப்பட்டது. நிதியத்தின் பங்கு ஏறக்குறைய 3 கோடியே 80 லட்சம் டாலர்.

குறிகாட்டி: மழை பொய் சொல்லும்

‘பயிற்சி பெற்ற விவசாயிகள் தொகை’ என்பது இலகுவான குறிகாட்டி, ஒன்றும் சொல்லாத குறிகாட்டியும்கூட. ‘சிறுபோகத்தில் விதைத்த ஏக்கர்’ நல்லது, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. நல்ல மழை பெய்த ஆண்டில் ஒன்றுமே செய்யாத குளத்திலும் அது ஏறும். 2016–17 வரட்சி போன்ற ஆண்டில் எவ்வளவு நல்ல வேலை செய்திருந்தாலும் விழும். அந்த ஆண்டை ஆரம்ப அளவாக வைத்தால் எந்தத் திட்டமும் மாபெரும் வெற்றி, வெள்ள ஆண்டை வைத்தால் எதுவும் தோல்வி.

இதற்கு மூன்று வேலை. ஆரம்ப அளவை ஓராண்டில் எடுக்காமல் பத்தாண்டுச் சராசரியாகவும் வீச்சாகவும் எடுங்கள். அளவைத் தனியே எழுதாமல் பக்கத்தில் முந்திய பெரும்போக மழையை எழுதி, ஒத்த மழை பெய்த ஆண்டுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். முடிந்தால் வேலை நடக்காத ஒரு குளத்தொடரையும் அதே நோட்டில் அளந்துவாருங்கள்.

பத்தாண்டுத் தரவுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். புதிய கணக்கெடுப்புக்குப் பணம் கேட்பதற்கு முன் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். ஒவ்வொரு போகத்துக்கும் முன் கமக்காரர் அமைப்புகளோடு பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைப்பது, முதல் தண்ணீர் திறப்பது எந்தத் தேதி என்பவை கூட்டக் குறிப்பில் இருக்கும். கிழிந்த கொப்பிகள்தான், ஆனால் அதைவிட நல்ல ஆரம்ப அளவு கிடைக்காது. அனர்த்த இழப்பு எண்ணிக்கைகள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம். அவற்றைச் செண்டாய் அறிக்கைக்கு அனுப்பிய அதே வடிவில் வாங்குங்கள், வேறு வடிவில் வாங்கினால் ஒரே வெள்ளத்துக்கு இரண்டு ஐ.நா. அறிக்கைகளில் இரண்டு எண் போய்ச்சேரும்.

59 குறிகாட்டிகளையும் நிரப்பத் தேவையில்லை. உங்கள் செயல்களோடு நேரடித் தொடர்புள்ளவற்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணம், அலகு, மூலம், அளக்கும் கால இடைவெளி, பொறுப்பாளர் என்று ஐந்து வரி எழுத முடியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

பணம்

இலங்கையில் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவு செலவு அழைப்புச் சுற்றறிக்கை ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் வரும். அதற்கு முன் உங்கள் செயல் தாளின் இலக்கம் திணைக்களத்தின் மதிப்பீட்டுக்குள் ஏறியிருக்க வேண்டும். திட்டம் அழகாக வெளியிடப்பட்டது நவம்பரில் என்றால் அடுத்த ஆண்டுப் பணத்தை ஏற்கெனவே தவறவிட்டுவிட்டீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் செலவில் எது இசைவாக்கம் என்று குறியிடுவது அடுத்த வேலை. நன்கொடை நாடுகள் பயன்படுத்தும் ரியோ குறியீடு 0, 1, 2 என்ற மூன்று தரம் கொண்டது: தொடர்பில்லை, முக்கிய நோக்கங்களில் ஒன்று, தலையாய நோக்கம். அதையே பின்பற்றலாம், ஆனால் 1 என்று குறித்த வேலையின் முழுச் செலவையும் காலநிலைச் செலவாகக் காட்டாதீர்கள். வீதி அகலிப்பில் மதகு கொஞ்சம் பெரிதாகக் கட்டப்பட்டது என்றால் மதகின் மேலதிகச் செலவுதான் கணக்கு, வீதி அல்ல.

நிதியத்துக்குப் போகும் முன்மொழிவு திரும்பிவரும் முதற்காரணமும் இதே இடத்தில்தான். குளம் பழுதடைந்தது பராமரிப்பு இல்லாமலா, மழை மாறியதாலா? பராமரிப்பின்மைக்கு நிதியம் பணம் தராது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அருகிலுள்ள நிலையத்தில் முப்பதாண்டு நாளாந்த மழைத் தரவை வாங்கி, வரண்ட நாள் தொடர்கள் நீண்டனவா, கனமழை நாட்கள் கூடினவா என்று பாருங்கள். ஆண்டு மொத்தம் மாறாமலே இவை மாறியிருக்கலாம். எதிர்காலத்துக்கு, வெப்பமாதல் நடுத்தரமாக இருந்தால் என்ற ஒரு காட்சியும் கடுமையாக இருந்தால் என்ற ஒரு காட்சியும் போதும். காலநிலைக் கணினி மாதிரிகள் ஒத்துப்போகாத இடத்தில் ஒத்துப்போகவில்லை என்றே எழுதுங்கள். மீளாய்வாளர்கள் அதை மதிப்பார்கள், மறைத்தால் கண்டுபிடிப்பார்கள்.

திட்டமிடலுக்கே நிதியத்தின் ஆயத்த உதவி இருக்கிறது, நாடொன்றுக்கு 30 லட்சம் டாலர் வரை. இது எழுதுவதற்கான பணம், குளம் வெட்டுவதற்கல்ல. இந்தப் பணத்தில் தரவு முறையையும் ஆட்களையும் உருவாக்காமல் பட்டறைகளிலேயே முடித்துவிட்டால், ஐந்தாண்டு கழித்து அதே பட்டறையை மறுபடி நடத்த வேண்டியிருக்கும்.

அறிக்கை எழுதும் வாரம்

மேலே சொன்னவை நடந்திருந்தால் இது வெட்டி ஒட்டும் வேலை. இசைவாக்க அறிவிப்பு முதலில் கேட்பது நான்கு: நிறுவன, சட்ட ஏற்பாடுகள், பாதிப்பும் ஆபத்தும், முன்னுரிமைகளும் செயல்களும், நடைமுறைக்குத் தேவையான உதவி. நான்கும் செயல் தாளின் நிரல்களே. திட்டத்தின் தொடக்கத்தில் ‘இந்தப் பகுதிகள் இசைவாக்க அறிவிப்பாகவும் அமையும்’ என்று பக்க எண்ணோடு ஒரு பந்தி எழுதி, சமர்ப்பிக்கும்போதும் அவ்வாறே குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் அது அறிவிப்பாக எண்ணப்படாது.

பி.டி.ஆர். இசைவாக்க அத்தியாயத்துக்குக் கட்டாய அட்டவணை இல்லை, உரைநடைதான். ஆனால் தேவைப்படும் நிதி, கிடைத்த நிதி ஆகியவற்றுக்கு அட்டவணை உண்டு. தேவைப்படும் நிதிக்கான அட்டவணையில், அந்தச் செயல் தேசிய உபாயத்திலோ என்.டி.சி.யிலோ இடம்பெற்றதா என்று ஒரு நிரல் இருக்கிறது. நிலையான குறியீட்டு இலக்கம் ஏன் என்று கேட்டவர்களுக்கு விடை அங்கே.

என்.டி.சி.யில் எதைப் போடுவது என்பதில் கஞ்சத்தனம் நல்லது. இசைவாக்கத் திட்டத்தில் நூறு செயல் இருக்கலாம். என்.டி.சி.க்குப் போவது அளக்கக்கூடிய, பொறுப்பாளர் உள்ள, முதல் இரண்டு ஆண்டுக்காவது பணம் தெரிந்த பத்துப் பதினைந்து போதும். சொந்தப் பணத்தில் செய்வதையும் உதவி கிடைத்தால் செய்வதையும் அங்கே பிரித்துக் காட்டுங்கள். 2021இல் வெளியேற்றக் குறைப்புக்கு இலங்கை அப்படித்தான் செய்தது: மொத்தம் 14.5 சதவீதம், அதில் 4 நிபந்தனையின்றி, 10.5 நிபந்தனையோடு. இசைவாக்கத்துக்கு ஒரே எண் கிடையாது, ஆனால் செயல்வாரியாக அதே பிரிப்பைச் செய்யத் தடையில்லை.

நடக்காததையும் எழுதுங்கள். எந்தச் செயல் ஏன் நின்றது, பணமா, காணிப் பிணக்கா, ஆளில்லையா என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியைக் காட்டித்தான் அடுத்த ஜூலையில் திறைசேரியிடம் போய் உட்கார முடியும்.